நான்கு பிள்ளைகளில் ஒருத்தி

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வட்டாரக் கல்வி அலுவலர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மே மாதம் பிறந்தால் என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு கேள்வி வந்துவிடும். "சார், நீங்க எல்லாப் பள்ளிக்கூடத்தையும் பார்த்தவரு. நம்ம ஒன்றியத்துல எது நல்ல பள்ளிக்கூடம்? பேத்தியை எதுல சேர்க்கலாம்?" நூலகர் எனக்குக் கொடுத்த தலைப்பும் ஏறக்குறைய இதுதான்: ஒரே ஒன்றியத்துக்குள் இருக்கும் தொடக்கப் பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி?

பணியில் இருந்த காலத்தில் இந்த ஒப்பீட்டை நான் தவறாகச் செய்தேன். எங்கே தவறினேன் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் நம் ஒன்றியத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. அவற்றில் எதை எடுத்தாலும் சிற்றூர்களின் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள்தாம். கொஞ்சம் பெரிய ஊராக இருந்தால் எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளி இருக்கும். சில ஊர்களில் அரசு உதவிபெறும் பள்ளி. சில ஊர்களில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. அது வேறு துறையின் கீழ் வரும். மலையடிவாரத்துக்குப் போனால் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் உண்டு. ஒரே ஒன்றியம், ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரே பாடநூல். நிர்வாகம் மட்டும் இரண்டு மூன்று துறைகளுக்குப் பிரிந்து கிடக்கிறது. ஆகவே ஒன்றியம் முழுவதற்கும் ஒரு பட்டியல் போட்டேன் என்று யாராவது சொன்னால், எந்தப் பள்ளிகளை விட்டுவிட்டுப் போட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து, எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக இருப்பதைக் கழித்துவிடுங்கள். 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து எல்லாப் பள்ளிக்கும் வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கிவைத்த பிறகு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. பாடநூல், சீருடை, நோட்டு, காலணி எல்லாம் எல்லோருக்கும் கிடைக்கின்றன. ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் இதிலெல்லாம் வித்தியாசம் இல்லை. நம் முன்னோர் பாடுபட்டுச் சமமாக்கிக் கொடுத்தவை இவை. இவற்றைக் கழித்த பிறகும் இரண்டு பள்ளிகளுக்கு இடையே வித்தியாசம் தெரிகிறதே, அது எங்கிருந்து வருகிறது?

ஒரு பட்டியலின் கதையைச் சொல்கிறேன்.

ஓர் ஆண்டு, ஐந்தாம் வகுப்பில் தமிழைத் தடையின்றி வாசிக்கும் பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்று பள்ளிவாரியாகக் கணக்கெடுத்தோம். இரண்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து ஒரு பத்தி. வாசித்தால் ஒரு கட்டம், வாசிக்காவிட்டால் இன்னொரு கட்டம். கூட்டிப் பெருக்கி, முதலிடம் முதல் கடைசி இடம் வரை வரிசைப்படுத்தி, அலுவலகச் சுவரில் ஒட்டினோம். அதில் கையெழுத்துப் போட்டவன் நான்.

அந்தப் பட்டியலில் இரண்டு பள்ளிகள் அடுத்தடுத்த வரியில் இருந்தன. இரண்டுக்கும் 75 சதவீதம். ஒன்று சாலையோரப் பள்ளி. ஐந்தாம் வகுப்பில் 32 பிள்ளைகள். 24 பேர் வாசித்தார்கள். மற்றொன்று ஏரிக்கரையைத் தாண்டி, காலனியின் கடைசியில் இருக்கும் ஈராசிரியர் பள்ளி. ஐந்தாம் வகுப்பில் நான்கே நான்கு பிள்ளைகள். மூன்று பேர் வாசித்தார்கள்.

எண் ஒன்றுதான். ஆனால் அங்கே எட்டுப் பிள்ளைகள் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்; இங்கே ஒருத்தி. அந்த ஒருத்தி வாசித்திருந்தால் ஏரிக்கரைப் பள்ளி நூற்றுக்கு நூறு வாங்கி ஒன்றியத்திலேயே முதலிடத்துக்குப் போயிருக்கும். இன்னொரு பிள்ளை அன்றைக்குக் காய்ச்சலில் தடுமாறியிருந்தால் ஐம்பதுக்கு இறங்கிக் கடைசி வரிசைக்குப் போயிருக்கும். நான்கு பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்றால் 25 சதவீதம். 32 பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துவது, மளிகைக்கடைத் தராசையும் பொன் நிறுக்கும் தராசையும் ஒன்றாக எண்ணுவது போன்றது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பள்ளிகளின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்து, தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்னேற்றப் பட்டியலின் உச்சியில் சிறிய பள்ளிகளே அதிகம் வருகின்றன. அடியிலும் சிறிய பள்ளிகளே அதிகம் வருகின்றன என்று காட்டினார்கள். பிள்ளைகள் குறைவாக இருக்கும்போது அந்த ஆண்டு யார் வந்து சேர்ந்தார்கள், தேர்வு நாளில் யாருக்கு என்ன ஆனது என்பதெல்லாம் சராசரியைத் தூக்கியும் இறக்கியும் போட்டுவிடும். கிராமப்புற ஒன்றியத்தில் பெரும்பாலானவை சிறிய பள்ளிகள். அப்படியானால் ஓராண்டுச் சதவீதத்தை வைத்து நாம் போடும் தரவரிசையில் ஒரு பகுதி, தற்செயலின் வரிசை.

சரி, அந்த ஒருத்தி யார்?

பட்டியல் ஒட்டிய மறுவாரம் ஏரிக்கரைப் பள்ளிக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியை என்னை உட்காரவைத்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். மேலே பெயர், சேர்ந்த தேதி. கீழே மாதம் ஒரு வரி. அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் பக்கத்தைக் காட்டினார். அவள் அப்பா அம்மா பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். மழை தொடங்கும் சமயத்தில்தான் திரும்புவார்கள். பிள்ளையும் கூடவே போகும். மூன்று ஆண்டுகள் அப்படியே போயிருந்தது. அந்த ஜூலையில்தான் பாட்டி வீட்டில் விட்டிருந்தார்கள்.

முதல் வரி: "ஜூலை. உயிரெழுத்தில் அ மட்டும் தெரிகிறது. தன் பெயரைச் சொல்லும்போது தலை குனிகிறாள்." அடுத்தது: "ஆகஸ்ட். உயிரெழுத்து முடிந்தது. க, ச, ட, ப அடையாளம் காண்கிறாள்." கடைசியாக: "நவம்பர். மரம், படம், கடல் வாசிக்கிறாள். சொல்லின் நடுவில் ஒற்று வந்தால் நின்றுவிடுகிறாள்."

பிள்ளையைக் கூப்பிட்டார். கரும்பலகையில் "பட்டம்" என்று எழுதினார். அவள் விரலை ப-வின் கீழ் வைத்தாள். "ப..." அடுத்தது புள்ளி வைத்த ட். அங்கே விரல் நின்றது. உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். "பட்... டம். பட்டம்" என்று சொன்னதும் அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! பிறகு "கொக்கு" என்று எழுதினார். ஒற்றைக் கொம்பு, நடுவில் க, பக்கத்தில் கால். பிள்ளை "கெ... கா..." என்று பிரித்துப் படித்தது. ஆசிரியை சுண்ணக்கட்டியால் அந்த மூன்றையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இது மூணும் சேர்ந்து ஒரே எழுத்தும்மா. ஒரே வீட்டுல மூணு பேரு." பிள்ளை வட்டத்தைப் பார்த்தது. "கொ" என்றது.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், அ-வைத் தவிர ஒண்ணும் தெரியாம வந்த பிள்ளை அஞ்சு மாசத்துல இங்க வந்து நிக்குது. உங்க பட்டியல்ல இதுக்கு எந்தக் கட்டம் சார்?"

என்னிடம் பதில் இல்லை. எங்கள் பட்டியலில் அவள் "வாசிக்காதவர்". அவள் கடந்து வந்த தூரத்துக்கு அதில் இடமே இல்லை. அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது: ஒரு பள்ளி பிள்ளையை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, எங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் பள்ளியின் உழைப்பு. மீதியெல்லாம் வீட்டின் வசதி, அல்லது வீட்டின் வறுமை.

இனி ஆசிரியர் எண்ணிக்கைக்கு வருவோம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் சொல்வது இது: ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்; 61 முதல் 90 வரை மூன்று பேர்; 91 முதல் 120 வரை நான்கு பேர்; அதற்கு மேல் 200 வரை ஐந்து பேர். நம் மாநிலத்தில் ஆகஸ்ட் 1 அன்று பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துப் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். விதி சரியான விதிதான். அதை ஓர் ஒன்றியத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பள்ளியில் 58 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஆளுக்கு 29 பேர். பக்கத்து ஊர்ப் பள்ளியில் 61 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், ஆளுக்கு இருபது இருபத்தொரு பேர். மூன்று பிள்ளைகள் கூடியதால் ஓர் ஆசிரியரே கூடிவிட்டார். ஜூலைக் கடைசியில் தலைமையாசிரியர்கள் வீடு வீடாகப் படியேறுவது ஏன் என்று இப்போது புரியும்.

இன்னொரு பள்ளியில் 19 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ஆளுக்குப் பத்துப் பேர்கூட இல்லை, சொகுசான வேலை என்று காகிதம் சொல்லும். ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பென்சில் பிடிக்கப் பழகுகிறது. அதே அறையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லித்தர வேண்டும். பிள்ளைகள் குறைந்தாலும் வகுப்புகள் குறைவதில்லை. அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். சேர்க்கை, வருகை, உணவுக் கணக்கு, செயலியில் பதிவேற்றம் எல்லாம் அவர் தலையில். மற்றவர் வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போகும் நாளில், வாக்காளர் பட்டியல் பணிக்குப் போகும் நாளில், வேறு பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்பப்படும் நாளில், ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். சட்டம் தொடக்க வகுப்புக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள் கேட்கிறது. கணக்குக்காக, ஓர் ஆசிரியர் நாற்பது நாள் இப்படி வெளியே போனார் என்று வையுங்கள். ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு நாள்கள் அந்தப் பள்ளி ஓராசிரியர் பள்ளி. ஐந்து ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் போனால் நான்கு பேர் இருப்பார்கள். ஆகவே இரண்டு பள்ளிகளை ஒப்பிடும்போது ஆசிரியர் எத்தனை பேர் என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். ஆண்டில் எத்தனை நாள் ஒரே ஆசிரியர் இருந்தார் என்று கேளுங்கள். ஒன்றியத்தில் யாரும் ஒட்டாத பட்டியல் அதுதான். முதலில் ஒட்ட வேண்டியதும் அதுதான். ஏனென்றால் அந்தக் குறையைத் தலைமையாசிரியரால் தீர்க்க முடியாது. என்னைப் போன்ற அலுவலர்கள்தாம் தீர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏரிக்கரைப் பள்ளியில் பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள்? ஊர்த் தெருப் பெற்றோர் காலனிக்குள் இருக்கும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப மனம் ஒப்பவில்லை. தனியார் பள்ளி வேன் வந்து நின்றதும் அதில் ஏற்றிவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்ததும் ஆசிரியர் பணியிடம் குறைந்தது. பணியிடம் குறைந்ததும், "அங்க வாத்தியாரே இல்லப்பா" என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சைக் கேட்டு, காலனிக்குள்ளேயே கையில் கொஞ்சம் காசு புழங்கும் வீட்டாரும் பிள்ளையை வேனில் ஏற்றினார்கள். கடைசியில் அங்கே மிஞ்சியது சூளைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை எடுத்து, "இந்தப் பள்ளியின் தரம் இவ்வளவுதான்" என்று நாங்கள் சுவரில் எழுதினோம். சாதி பிரித்த பிள்ளைகளைச் சதவீதம் மறுபடியும் பிரித்தது. இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா என்று கேட்பீர்கள். கட்டாயம் ஒப்பிட வேண்டும். எதை, யாருக்காக, எப்படி என்பதுதான் கேள்வி. உலகத்தில் இதை ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் குழு, ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிக்கும் பள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே பள்ளிக்குள் பிள்ளைக்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அதில் வீட்டின் பங்கு மிக அதிகம் என்றது. அதைக் கேட்டு, பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை போலும் என்று பலர் சோர்ந்தார்கள். ஆனால் 1983-இல் ஹேனிமன், லாக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளின் தரவுகளைப் பார்த்து, ஏழை நாடுகளில் பள்ளியும் ஆசிரியரும் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பதில் கூடுதல் பங்கு வகிக்கின்றன என்று காட்டினார்கள். வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிதான் எல்லாமே. ஏரிக்கரைப் பள்ளியின் நீள நோட்டு எனக்குச் சொன்னதும் இதுதான்.

நமக்குப் பக்கத்தில், ஒன்றுபட்ட ஆந்திரத்தில், 2008 முதல் நான்கு ஆண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. 180 கிராமங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து, தனியார் பள்ளியில் படிக்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் இருவரும் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணமாகப் பார்த்தால் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்து தெரியும். குலுக்கலில் போன பிள்ளைகளை, போகாத அதே மாதிரிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, தெலுங்கிலும் கணக்கிலும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் முன்னேறியிருந்தார்கள். தனியார் பள்ளி அதற்கு நேரம் ஒதுக்கியிருந்தது. தனியார் பள்ளி ஒரு பிள்ளைக்குச் செலவிட்டது அரசுச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதையும் அவர்கள் சொன்னார்கள். நேர்மையாக நாமும் சொல்ல வேண்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது: பள்ளியின் புகழ் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி, அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்த வீடுகளின் வசதி.

இன்னோர் ஆய்வு, பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் நடந்தது. மூன்று மாவட்டங்களில் 112 கிராமங்கள். அவற்றில் பாதிக் கிராமங்களில், பிள்ளைகளின் தேர்வு முடிவை அட்டையில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்தார்கள். உங்கள் பிள்ளை எவ்வளவு, உங்கள் பள்ளி எவ்வளவு, ஊரில் உள்ள மற்றப் பள்ளிகள் எவ்வளவு என்று மூன்றும் அதில் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கூட்டம் போட்டு விளக்கினார்கள். ஓராண்டில் அந்தக் கிராமங்களில் மதிப்பெண் உயர்ந்தது. தனியார் பள்ளிக் கட்டணம் ஏறத்தாழ 17 சதவீதம் குறைந்தது. அங்கே ஒப்பீடு பெற்றோர் கைக்குப் போனது, அவர்களுக்குப் புரியும் மொழியில் போனது. எங்கள் பட்டியல் அலுவலகச் சுவருக்குப் போனது. இரண்டும் ஒப்பீடுதான். ஒன்று கேள்வி கேட்கவைத்தது. மற்றொன்று தலைகுனிய வைத்தது.

தலைகுனிய வைக்கும் ஒப்பீடு என்ன செய்யும் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. 1862-இல் இங்கிலாந்தில் ஒரு விதி வந்தது. ஆய்வாளர் முன்னால் பிள்ளை வாசித்து, எழுதி, கணக்குப் போட்டுத் தேறினால்தான் பள்ளிக்குப் பணம். சென்னை மாகாணத்திலும் அந்த நூற்றாண்டில் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் முறை இருந்தது. இங்கிலாந்தில் என்ன நடந்தது? பிள்ளைகளை வாசிப்புப் புத்தகத்தையே மனப்பாடம் செய்யவைத்தார்கள். தேறக்கூடிய பிள்ளைகளுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்தார்கள். கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னால்ட் தொடக்கத்திலேயே அதை எதிர்த்து எழுதினார். நம் மாநிலத்தில் 2019-இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தபோது ஊரெங்கும் எதிர்ப்பு எழுந்ததும், 2020 பிப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றி ஒரு பள்ளியை நிறுக்கக் கூடாது.

என் கதையின் மீதியைச் சொல்கிறேன். அந்த நீள நோட்டைத் தலைமையாசிரியையிடம் இரவல் வாங்கி, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு நோட்டைச் சுற்றுக்கு விட்டேன். சாலையோரப் பள்ளித் தலைமையாசிரியர் அதை நீண்ட நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். மறுநாளே தம் பள்ளியில் அந்த எட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பக்கம் தொடங்கினார். தொடங்கிய பிறகுதான், அவர்களில் பலர் மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ வேறு பள்ளியிலிருந்து வந்தவர்கள், வந்த நாள் முதல் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள் என்பது அவருக்குத் தெரிந்தது. 32 பேர் கூட்டத்தில் அந்த எட்டு முகங்கள் மறைந்திருந்தன. நான்கு பேர் வகுப்பில் ஒருத்தி மறைய முடியாது. சிறிய பள்ளியின் பலம் அது.

ஏரிக்கரைப் பள்ளி ஆசிரியை அங்கிருந்து எடுத்துப்போனது வேறு. சாலையோரப் பள்ளியில் மதியம் சாப்பிட்டதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டும். இவர் தம் பள்ளியிலும் அதைத் தொடங்கினார். வாசித்துக் காட்டும் வேலையை, அந்தச் சூளை வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தார். சின்னப் பிள்ளைக்கு முன்னால் தடுமாறக் கூடாது என்று அவள் முந்தின நாளே பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து நாலு தடவை படித்துவிட்டு வருவாளாம். ஏப்ரலில் போனபோது எனக்கும் ஒரு கதை வாசித்துக் காட்டினாள். ஒற்றெழுத்தில் விரல் நிற்கவில்லை.

இரண்டு பள்ளிகளை அருகருகே வைத்து, இதன் நல்லதை அதற்கும் அதன் நல்லதை இதற்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஒப்பீட்டின் வேலை. இன்று எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். பெயர்களிலேயே வளர்ச்சி இருக்கிறது. அரும்பில் இருந்த பிள்ளை மொட்டுக்கு எப்போது வந்தது என்பதைப் பள்ளிதோறும் பார்த்தால், அதுவே சரியான ஒப்பீட்டுக்கு முதல் படி.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பிடும்போது 20 பிள்ளைகள் உள்ள பள்ளியை, 20 பிள்ளைகள் உள்ள இன்னொரு பள்ளியோடு ஒப்பிடுங்கள். ஓராண்டை எடுக்காதீர்கள், மூன்று ஆண்டுகளைச் சேர்த்து எடுங்கள். பிள்ளை சேர்ந்தபோது இருந்த நிலையை எழுதாமல், இப்போது இருக்கும் நிலையை மட்டும் எழுதாதீர்கள். ஒற்றை ஆசிரியரோடு ஓடிய நாள்களின் கணக்கைப் பள்ளிவாரியாக எடுத்து, மாற்றுப்பணி உத்தரவில் கையெழுத்துப் போடுமுன் அதைப் பாருங்கள். எந்தப் பள்ளி கடைசியில் நிற்கிறதோ, அந்தப் பள்ளிக்கு முதலில் ஆசிரியரை அனுப்புங்கள்.

தாய்மார்களுக்கும் தந்தையருக்கும் ஒரு சொல். பள்ளி மேலாண்மைக் குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள். தலைவர் இருக்கையும் பெற்றோருக்கு உரியது. அந்தக் கூட்டத்தில் சுற்றுச்சுவரையும் கழிப்பறையையும் பேசுங்கள். பேசித்தான் ஆக வேண்டும். ஊர் கூடிக் கல்விச் சீர் கொண்டுபோகும்போது நாற்காலியும் பீரோவும் கொண்டுபோகிறோம். கூடவே ஒரு கட்டு நீள நோட்டும் கொண்டுபோங்கள். வேனின் நிறத்தைப் பார்த்தும், பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்று பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். ஒரு நாள் உள்ளே போய்க் கால் மணி நேரம் உட்காருங்கள். பின்தங்கிய பிள்ளையிடம் ஆசிரியர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். அந்தப் பிள்ளைக்காகக் காத்திருக்கத் தெரிந்த ஆசிரியர் இருக்கும் பள்ளி, நல்ல பள்ளி.

வரும் ஜூனில் உங்கள் பிள்ளையைச் சேர்க்கும் நாளில், ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: "இன்னைக்கு எம்பிள்ளைக்கு என்ன தெரியுதுன்னு ஒரு வரி எழுதி வைங்க." அடுத்த ஏப்ரலில் போய் அந்த வரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். நம் ஒன்றியத்தில் எது நல்ல பள்ளி என்று அதன் பிறகு என் திண்ணைக்கு வந்து கேட்க வேண்டியதில்லை, நீங்களே சொல்லிவிடுவீர்கள்.